சத்தம் போடாத வால்வு

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
17.11.2024

அன்புள்ள ஜூலியன் அண்ணாவுக்கு,

தேவமாதாவின் தயவால் அப்பாவும் அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம். நீங்கள் சுகமா என்று கேட்டால் தொலைபேசியில் சொல்வதைப் போலவே "ஓம், சுகம்" என்பீர்கள். அதனால் இம்முறை கேட்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி இருக்கும் மேனுகா அக்கா வியாழக்கிழமை நீங்கள் இருக்கும் ருமேனியாவுக்கே வேலைக்கு வருகிறார். இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே அம்மா இடித்த மிளகாய்த்தூளும் கூனிக் கருவாடும் வருகின்றன. வாசனை வெளியே போகாமலிருக்க அம்மா சுற்றியிருக்கும் பொலித்தீனைப் பிரிக்கவே உங்களுக்கு ஒரு நாள் பிடிக்கும்.

இங்கே நல்ல மழை. வெள்ளத்தைக் கடலுக்கு விட முகத்துவாரம் வெட்டியதால் வாவித் தண்ணீர் இறங்கி, கரையெல்லாம் சேறு தெரிகிறது. நாங்கள் தோணியைக் கட்டும் கல்லும் வெளியே வந்துவிட்டது. நேற்று அதைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன்.

இனி உங்கள் காரின் கதை. "வித்துப்போட்டு விடுங்க" என்று போன மாதம் நீங்கள் சொன்னது ஒரே ஒரு வசனம். ஏன் என்று அப்பா கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாளே காத்தான்குடி ஜிப்ரி நானாவுக்குச் சொல்லியனுப்பினோம். பந்தயக் கார் வாங்க அவரைவிட்டால் இந்தப் பக்கம் ஆள் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

அதற்கு முந்திய வாரமே எஞ்சினில் புதிதாக ஒரு சத்தம் தொடங்கியிருந்தது. நீங்கள் பந்தயத்துக்காக மாற்றிய அந்த எஞ்சின் எப்போதும் தையல் இயந்திரம் போல் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும், அது வேறு. இது அந்தத் தாளத்துக்குள்ளே ஒரு விரல் தனியாக மேசையைத் தட்டுவது போல் கேட்டது. சூடானாலும் நிற்கவில்லை. எண்ணெய் பார்த்தேன், அளவாகத்தான் இருந்தது. பிறகு உங்கள் நீட்டு ஸ்குரூட்ரைவரை எடுத்து, நுனியை வால்வு மூடியில் வைத்துப் பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கேட்டேன்.

கல்லடிப் பாலத்தடியில் நீங்கள் எனக்குக் காட்டித் தந்த வித்தை அல்லவா அது? துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மேல் நுனியில் காதை வைத்தால்தான் மீன் பாடுவது கேட்கும் என்றீர்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "மூச்சைப் புடிச்சுக்கொண்டு கேளு புள்ள, நீ விடுற மூச்சுத்தான் உனக்குக் கேக்குது" என்று ஏசினீர்கள். மூச்சைப் பிடித்ததும் கேட்டது. ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்ப்பது போல ஒரு நாதம். வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா நம்பவில்லை. அது எந்தச் சுதி என்று மட்டும் கேட்டார்.

அப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். இரண்டாவது சிலிண்டரின் மேல்தான் சத்தம் கூர்மையாக இருந்தது. அங்கே ஒரு நட்டு இளகியிருக்க வேண்டும், திறந்தால் அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். மழை விடட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

அவர் மெக்கானிக் ரதீஸைக் கூட்டிவந்து, எஞ்சினில் ஒரு சத்தமும் கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். ரதீஸ் நல்ல வேலைக்காரன், உள்ளதைச் சொல்லித்தான் இருக்கிறான்: "மாஸ்டர், இந்த எஞ்சினுக்குக் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் வேணும்." அப்பா விடவில்லை. "சத்தம் போட்டா ஆருடா வாங்குற? பூட்டு, இன்னும் பூட்டு" என்று பக்கத்திலேயே நின்று, முழு வால்வுகளையும் இறுக்க வைத்திருக்கிறார். இவ்வளவு காலம் கோயில் பாடகர் குழுவை நடத்தியவர் அல்லவா? பிசகுகிற குரலைப் பின்வரிசைக்கு அனுப்பிச் சரிப்படுத்திய பழக்கம். நான் வேலை முடிந்து வந்தபோது கார் பூனை போல் நின்றது. "கேட்டியா, ஒண்டுமே கேக்கல்ல" என்று அப்பாவுக்கு ஒரே பெருமை.

ஜிப்ரி நானா ஞாயிற்றுக்கிழமை வந்தார். மழையில் கழுவக்கூடாது, வெயிலில் விடக்கூடாது என்று அப்பா அடுக்கிக்கொண்டே போக, அவர் என்னைப் பார்த்து, "தங்கச்சி, நான் கார் வாங்க வந்தனா, பொண்ணு கேட்டு வந்தனா?" என்றார். தேற்றாத்தீவு வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவரின் முகத்தில் சிரிப்பில்லை. கார் நின்ற இடத்திலேயே எஞ்சின் நடுங்கிக்கொண்டிருந்தது. "மாஸ்டர், சத்தம் இல்லதான். ஆனா உசிரும் இல்லியே" என்று சொல்லிவிட்டுத் காரின் திறப்பை அப்பாவின் கையில் வைத்தார். அடுத்த ஞாயிறு வந்து பார்ப்பதாகவும், அப்போதும் இப்படியே கிடந்தால் உதிரிப்பாகங்களுக்குத்தான் எடுப்பதாகவும் சொன்னார். அப்பா அன்று பகல் சாப்பிடவில்லை.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வால்வு என்பது எஞ்சின் மூச்சு விடும் கதவு என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கதவுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் வேண்டும், சூட்டில் இரும்பு வளரும், இடம் இல்லாவிட்டால் கதவு சரியாகச் சாத்தாது, நெருப்பு அந்த நீக்கலால் போய் வால்வைத் தின்னும் என்றீர்கள். "தட்டுற வால்வுக்குப் பயப்படாத, அது தனக்கு என்னெண்டு சொல்லுது. சத்தம் போடாததைத்தான் நீ போய்ப் பாக்கணும்." அப்போது நான் மடியில் ஒரு கதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாதிக் காதால்தான் கேட்டேன். அந்தக் கதை இன்று நினைவில்லை, இது இருக்கிறது.

எஞ்சினை ஓர் இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மூடியைக் கழற்றினேன். மெல்லிய இரும்புத் தகடுகளை ஒவ்வொரு இடைவெளியிலும் விட்டுப் பார்த்தேன். சிலவற்றில் மெல்லியது மட்டும் போனது. மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வில் எதுவுமே போகவில்லை. எல்லாவற்றையும் விட அமைதியாக இருந்தது அதுதான். நட்டை இளக்கி, தகடு ஒட்டியும் ஒட்டாமலும் இழுபடும் அளவுக்கு, பாரமான புத்தகத்தின் அடியிலிருந்து ஒரு தாளை உருவுவது போல் வரும்வரை, ஒவ்வொன்றாக வைத்தேன். ரதீஸ் அழுத்தம் பார்க்கும் மானியைக் கொண்டுவந்து பிடித்தான். மூன்றாவதுக்கு வந்தபோது இருமுறை பார்க்கச் சொன்னேன். நான்கு சிலிண்டர்களும் ஒன்றுபோல் காட்டின. வால்வு எரியவில்லை, அண்ணா. இன்னும் கொஞ்சத் தூரம் அப்படியே ஓடியிருந்தால் எரிந்திருக்கும் என்றான் ரதீஸ்.

மூடியைப் பூட்டி ஸ்டார்ட் செய்தேன். சூடானதும் ஒருமுறை அக்சிலரேட்டரை மிதித்தேன். அந்தப் பழைய தட்டல், நீங்கள் வேலை முடிந்து ஒழுங்கைக்குள் திரும்பும்போது கேட்குமே, அதே தட்டல் வந்தது. வீட்டுக்குள்ளிருந்து அப்பா ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்தார். படியில் நின்று, "வந்திட்டானா?" என்று கேட்டார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மா, "ஆரு?" என்றார். "ஒருத்தருமில்ல. கார்" என்று சொல்லிவிட்டு அப்பா தூறலில் நனைந்துகொண்டே நின்றார். எஞ்சினை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பின்னேரம் அவரே ஜிப்ரி நானாவுக்கு அழைத்து, "மறுகா பாப்பம் ஜிப்ரி, நத்தார்ப் பெருநாள் முடியட்டும். மகனிட்ட ஒருக்காக் கேக்கணும்" என்றார். ஆனால் உங்களிடம் கேட்கமாட்டார், அவரை உங்களுக்குத் தெரியும். அதனால் நான் எழுதுகிறேன். விற்க வேண்டுமென்றால் விற்கலாம், கார்தானே? அந்த ஒரு வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு விற்க எங்களால் முடியவில்லை.

பதில் எழுதும்போது சுகம் என்று எழுதாதீர்கள். அந்தக் குளிரைத் திட்டி எழுதுங்கள். அறையில் கூட இருப்பவர்களை, வேலை வாங்குகிறவனை, அப்பாவைக்கூடக் குறை சொல்லி எழுதுங்கள். சின்னப் பிள்ளை போல முறைப்பட்டாலும் பரவாயில்லை. தேவமாதா உங்களைத் தன் சேலைத் தலைப்புக்குள் வைத்துக் காக்கட்டும். நான் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை,
மதுஷா