பந்துக்கு வைத்த பொட்டு

இன்று காலை வாஷிங் மெஷினுக்குள் தடதடவென்று ஒரு சத்தம். மெஷின் உடைந்தே போய்விட்டது என்று ஓடிப்போய் நிறுத்தினேன். மூடியைத் திறந்து துணிக்குள் கையை விட்டுத் துழாவினால், உங்கள் பழுப்புக் கால்சட்டைப் பையிலிருந்து ஒரு கோல்ப் பந்து வந்தது. ஈரமாக, வெள்ளை வெளேரென்று, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி கையில் உட்கார்ந்திருந்தது.

உங்கள் வருடத் திதி போன வெள்ளிக்கிழமைதான் முடிந்தது. இனியாவது துணிகளைத் துவைத்து உங்கள் கூட்டாளி மணியத்திடம் கொடுத்துவிடலாம், அவனுக்கும் உங்கள் இடுப்பு அளவுதானே என்று இன்றைக்குத்தான் மனதைத் தேற்றிக்கொண்டு எடுத்தேன். அதற்கும் விடமாட்டேன் என்கிறீர்கள். இந்த வீட்டில் எங்கே கை வைத்தாலும் பந்து. அரிசி வாளிக்குப் பின்னால் பந்து. செருப்பு அலமாரியில் பந்து. சாமி மேடைக்குக் கீழே எண்ணெய்ப் போத்தலோடு ஒரு பந்து. ஆள் மட்டும்தான் இல்லை.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் ஆண்டோடு நின்றவள் நான். வாயால் சொன்னால் சுவர்தான் கேட்கிறது என்பதால் எழுதுகிறேன். அழுவதற்காக இல்லை. உங்களைத் திட்டவேண்டியது நிறைய மிச்சம் இருக்கிறது.

ஊர் உலகத்தில் கோல்ப் விளையாடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? பந்தை அடிப்பார்கள், தேடுவார்கள், வீட்டுக்கு வருவார்கள். தோட்டத்துக் கடைக்காரர் மகன் ஆ செங் தன்னுடைய பழைய மட்டைகளை உங்களுக்குக் கொடுத்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். கையுறைத் தொழிற்சாலையில் வாரம் முழுக்க வெந்து சாகிற மனிதன், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் காற்று வாங்கட்டும் என்று விட்டேன். நீங்கள் விளையாடியது கொஞ்சம். பந்தைச் சோதித்ததுதான் அதிகம்.

வாளித் தண்ணீரில் உப்பைக் கொட்டிப் பந்தை மிதக்க விட்டு, எந்தப் பக்கம் கனம் என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். சமைக்கப் போனால் உப்பு இருக்காது. ஒரு பந்தைக் கெம்போங் மீனோடு ஐஸ் பெட்டியில் போட்டு, இன்னொன்றை வெயிலில் காயவைத்து, இரண்டையும் சிமெண்டுத் தரையில் விட்டுப் பார்ப்பீர்கள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் விடமாட்டீர்கள்.

"இந்தா புள்ள, காத வச்சுக் கேளு. இது டொக்குங்குது. இது டப்புங்குது. வித்தியாசம் தெரியுதா?"

"ரெண்டும் என் தலையில விழற மாதிரிதாங்க இருக்கு."

"நீ நல்லாக் கேக்கல. இன்னொரு தடவ போடுறேன்."

அப்புறம்தான் பொட்டு வந்தது. பந்தின் மேல் இருக்கிற பெயரைப் பார்த்தால் மனசு ஏமாற்றுகிறதாம். நல்ல பந்து என்று தெரிந்துவிட்டால் கை தானாக ஒழுங்காக அடிக்கிறதாம். அதனால் பெயரை மறைக்கவேண்டும். முதலில் மையால் தடவிப் பார்த்தீர்கள், பனிப்புல்லில் உருண்டதும் அழிந்தது. என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே வந்தவர், என் நெற்றியைப் பார்த்ததும் நின்றீர்கள். நானும் ஏதோ ஆசையாகத்தான் பார்க்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

"அந்த ஒட்டுப்பொட்டு அட்டைய எடுத்தா."

பெரிய பொட்டாக ஒட்டினால் பெயர் சரியாக மறைந்தது. இரண்டு வகைப் பந்து கடைசியாகத் தேறியிருந்தது. ஒன்று கொஞ்சம் மெத்தென்று, இன்னொன்று கெட்டியாக. பெயர் எழுதியிருக்கிற வடிவத்தைப் பார்த்து ஒரு வகைக்குச் சிவப்புப் பொட்டு, இன்னொரு வகைக்குக் கறுப்புப் பொட்டு. நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, நான் ஒட்டவேண்டும். எதற்கு எது என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. கையால் அழுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடுமே என்றேன். இல்லை, மட்டையால் அடித்தால்தான் தெரியும் என்று சத்தியம் செய்தீர்கள். ஏன் இந்த வேலைக்கு நான்தான் கிடைத்தேனா என்று கேட்டதற்குச் சொன்னீர்களே ஒரு பதில்.

"ஆ செங்க ஒட்டச் சொன்னா பேரப் படிச்சிட்டு மூஞ்சியிலயே காட்டிருவான். ஒனக்குத்தான் இங்கிலீசு தெரியாதே. நீதான் சரியான ஆளு."

இப்படி ஒரு பாராட்டு. பந்துக்கு இரண்டு பக்கமும் பெயர் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொட்டு. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினால் எனக்கு ஒட்ட ஒரு பொட்டு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பழைய தோட்டத்துத் திடலுக்குப் போய்விடுவோம். ரப்பர் மரமெல்லாம் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்த பிறகும் அந்தத் திடல் மட்டும் மாட்டுக்கும் நமக்கும் மிஞ்சியிருந்தது. நீங்கள் இந்தக் கோடியில் நின்று அடிக்க, நான் அந்தக் கோடியில் குடையோடு நின்று, பந்து விழுகிற இடத்தில் குச்சி நடவேண்டும். சிவப்புத் துணி கட்டிய குச்சி, கறுப்புத் துணி கட்டிய குச்சி. நீங்கள் எந்தப் பந்தை அடித்தாலும் அது நேராகக் கிளம்பி, பாதி வழியில் மனசு மாறி, வலது பக்கம் வளைந்து செம்பனை ஓரத்துக்குத்தான் வரும். அதனால் நான் எப்போதும் அந்த ஓரத்திலேயே நிற்பேன்.

"ஒங்க அடிக்கு எந்தப் பந்தும் ஒண்ணுதாங்க" என்று ஒரு நாள் கத்தினேன். கால் முழுக்க அட்டைக் கடி. நீங்கள் கோபப்படவில்லை. "அதத்தான புள்ள கண்டுபிடிக்கணும்" என்றீர்கள். இந்த ஆளோடு சண்டைகூடப் போடமுடியாதே என்றுதான் எனக்கு அப்போது ஆத்திரமாக வந்தது.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

"செவப்புப் பொட்டுதான் புள்ள. எனக்கு நல்லாத் தெரியுது. அடுத்த வாரம் இன்னொரு தடவ அடிச்சிட்டு உரிச்சுப் பாப்போம்."

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க. இப்பவே உரிச்சா என்னவாம்?"

"அவசரப்படாத லா. சோதனைன்னா முறைப்படி செய்யணும்."

முறைப்படி. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீங்கள் தொழிற்சாலையில் விழுந்து, ஆஸ்பத்திரிக்கும் போய்ச் சேராமல் போய்விட்டீர்கள். உரித்துப் பார்த்துவிட்டாவது போயிருக்கக்கூடாதா?

ஒட்டியவள் நீதானே, எதற்குக் கீழே எது என்று உனக்குத் தெரியாதா என்று ஆள் ஆளுக்குக் கேட்டுவிட்டார்கள். ஒட்டும்போது அடுப்பில் கறி இருந்தது. பந்தைத் திருப்பி, பெயர் மறைய ஒட்டிவிட்டு ஓடினேன். அதை மனதில் வைத்துக்கொள்ள நான் என்ன பரீட்சையா எழுதப் போகிறேன்? கடைசியில் உரித்துப் பார்க்கத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டேன்.

உரித்தது உங்கள் தங்கச்சி சரசு.

கருமாதி அன்றைக்கு, என் பூவையும் வளையலையும் எடுத்த பிறகு, சரசு மேசை இழுப்பறையைத் திறந்து பொட்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு போனாள். அது நடக்கும் என்று தெரியும். அப்புறம் முகம் கழுவப் பின்பக்கம் போனவள், உங்கள் பந்து வாளியைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு பந்திலும் பொட்டு. பாவம், அவளுக்கு என்ன தெரியும்? நான் போய்ப் பார்த்தபோது மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்து, அழுதுகொண்டே ஒவ்வொரு பொட்டாக உரித்துவிட்டு, பந்துகளை மஞ்சள் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணனே போயிட்டாரு, இதுக்கெல்லாம் இனிமே எதுக்கு அண்ணி பொட்டு?"

அவளை எப்படித் திட்டுவது? பந்தெல்லாம் மஞ்சளாகி, வெறும் பெயரோடு கிடந்தன. உரித்த பொட்டுகள் சாக்கடைப் பக்கம் ஒட்டிக் கிடந்தன. என் நெற்றிக்காக அன்றைக்கு அழாதவள், அந்த வாளியைப் பார்த்துத்தான் அழுதேன்.

வருடத் திதி நெருங்கியதும் சரசுவே ஆரம்பித்தாள். "அண்ணனுக்குப் புடிச்சதெல்லாம் படையல்ல வைக்கணும் அண்ணி. ஆட்டுக்கறி, கருவாட்டுக் கொழம்பு, ஒரு பீரு. பந்தும் ஒண்ணு வைங்க. புடிக்காதத வச்சா மனசு சங்கடப்பட்டுப் போயிருவாரு."

எந்தப் பந்து என்று உங்கள் கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மெத்துன்னு இருக்கறதுதான்க்கா. அண்ணன் எங்கிட்டயே சொன்னாரு" என்றான் மணியம்.

"இல்ல லா. கெட்டிப் பந்துதான். எங்கிட்ட சொன்னான்" என்றான் ஆ செங்.

"ஒன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லியிருப்பாரு. நீ அந்தப் பந்தத்தான அடிக்கிற."

"நீ எந்தப் பந்த அடிக்கிற? அத மொதல்ல சொல்லு."

இரண்டு பேருக்கும் காப்பி கலக்கிக் கொடுத்து அனுப்பினேன். நீங்கள் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான், சிவப்புப் பொட்டு. அதுதான் எனக்கு வேண்டும். வேறு பந்தை வைத்தால், அங்கேயிருந்தும் "இது இல்ல புள்ள" என்பீர்கள். அதைக் காதில் கேட்டுக்கொண்டு என்னால் மீதிக் காலத்தை ஓட்டமுடியாது. ஆகவே சோதனையை நானே முடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுபடியும் பொட்டு ஒட்டி, அவர்கள் இரண்டு பேரையும் அடிக்கவைத்தால் எது நன்றாகப் போகிறதோ அதுதானே சிவப்பு?

பொட்டு வாங்க ஈப்போ டவுனுக்கு பஸ் ஏறினேன். கடைக்காரப் பெண் என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு, மெல்லக் கேட்டாள், "மகளுக்காங்க்கா?"

"பந்துக்கு" என்றேன்.

அவள் சிவப்பில் ஒரு அட்டையும் கறுப்பில் ஒரு அட்டையும் எடுத்து நீட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திடலில் ஒரே காற்று. மஞ்சள் ஏறிய பந்தில் பொட்டு சரியாக ஒட்டவில்லை. ஒன்று ஒட்டினால் ஒன்று பறக்கிறது. ஒரு கையில் குடை, ஒரு கையில் குச்சிகள். விழுந்த சிவப்புப் பொட்டு ஒன்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் நெற்றியில் ஒட்டிக்கொண்டேன்.

மணியம் என்னைப் பார்த்து அடிப்பதை நிறுத்தினான். "அக்கா..."

"கையில எடமில்லடா. நீ அடி."

நான் போய் வழக்கம்போலச் செம்பனை ஓரத்தில் நின்றேன். மணியம் அடித்தது எல்லாம் இடது பக்கம் போயிற்று. ஆ செங் அடித்தது நேராக, வானத்துக்கு ஏறி, பாதியிலேயே விழுந்தது. மணியத்துக்குக் கறுப்பு நன்றாகப் போனது, ஆ செங்குக்குச் சிவப்பு. நான் ஓடி ஓடிக் குச்சி நட்டேன். ஓடிவிட்டுத் திரும்பவும் அந்த ஓரத்துக்கே வந்து நின்றேன். ஒரு பந்துகூட என் பக்கம் வளைந்து வரவில்லை.

கடைசியில் ஆ செங் மட்டையைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "அக்கா, இது ஆகாது லா. அடிக்கிற ஆளு மாறக்கூடாது, பந்துதான் மாறணும்னு அவன்தான் எப்பவும் சொல்லுவான். நாங்க அடிச்சா எங்களுக்கு எந்தப் பந்துன்னுதான் தெரியும். அவனுக்கு எதுன்னு தெரியாது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் குச்சியெல்லாம் பிடுங்கி எறிந்தேன். நேராக அடிக்கத் தெரியாத மனிதன். அந்தக் கோணல் அடி இல்லாமல் இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் முடியாது என்று தெரிந்திருந்தும், அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டுவிட்டுப் போன மனிதன்.

வீட்டுக்கு வந்தால் சரசு வாசலில் நின்றாள். திதிக்குப் பாத்திரம் துலக்க வந்திருந்தாள்.

"அண்ணி, நெத்தியில..."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "எனக்கில்ல சரசு. பந்துக்கு வாங்குனது" என்றேன்.

கிட்டே வந்தாள். உரிக்கத்தான் போகிறாள் என்று நான் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவள் விரலை நனைத்துக்கொண்டு பொட்டை லேசாக நகர்த்தினாள்.

"கோணலா இருந்திச்சி" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை இலை போட்டோம். ஆட்டுக்கறி, கருவாட்டுக் குழம்பு, பீர். நான் மெத்தென்ற பந்தில் ஒன்றும் கெட்டிப் பந்தில் ஒன்றும் எடுத்து, கழுவித் துடைத்து, இரண்டிலும் சிவப்புப் பொட்டை வைத்து அழுத்தி, இலை ஓரத்தில் உருளாமல் கொஞ்சம் சோற்றை அணையாகக் கட்டி வைத்தேன்.

மணியம் குனிந்து பார்த்தான். "ரெண்டும் செவப்பா? அப்ப அண்ணனோடது எதுக்கா?"

"அவருக்குத் தெரியும். எடுத்துக்குவாரு."

நான் செய்தது முறைப்படி இல்லை என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்போது சட்டியும் பானையும் கழுவிக் கவிழ்த்தாயிற்று, இனி மணியத்துடையதாகப் போகிற உங்கள் கால்சட்டை கொடியில் காய்கிறது. சரசு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். என்னோடு இருப்பது இந்தக் கண் ஒன்றுதான். நீங்கள் பழக்கிவிட்ட கண். வானத்தில் வெள்ளையாக எது கிளம்பினாலும், அது கொக்காக இருந்தாலும், நேராகத்தான் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தாலும், உங்கள் பந்து மாதிரி அது வளையப் போகிற வலது பக்கத்தில் இந்தக் கண் முன்கூட்டியே போய் நின்றுகொள்கிறது.