ஐந்து வயது நிறையாதவர்கள்

அன்புள்ள 'என்னங்க'வுக்கு,

நீங்கள் பக்கத்தில் இருந்தாலும் நான் கூப்பிடுகிற பெயர் அதுதான், கடிதத்திலும் அதுவே இருக்கட்டும். நானும் வாலுவும் நலம் என்று எழுத வந்தேன். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். வாலு நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாக அடம்பிடிக்கிறாள். போன வாரம் என் செருப்பு இரண்டையும் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, உங்கள் பட்டறைக் கப்பல் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தாள். மகளுக்கு அந்தப் பட்டப்பெயரை நாம் சும்மா வைக்கவில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, "வாலு என்னிக்குச் சேர்றா? மொதல்ல என்ன வார்த்தை சொல்லித் தருவாங்க?" என்று கேட்டீர்கள். பின்னால் உங்கள் அறை நண்பர்கள் கைதட்டுவது கேட்டது. மானியம் வந்ததை நான் தள்ளிப்போட்டு முந்தின வாரம்தான் சொல்லியிருந்தேன், அந்தச் சந்தோஷத்தில் அவர்களுக்கெல்லாம் கேக் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். நான் "கேக்கலங்க, லைன் சரியில்லங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு அந்தப் பதிலை நீங்கள் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. விடுமுறைக்கு வந்த உங்கள் கூட்டாளி பெயின்டர் நாளை திரும்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

நம் பேச்சுப் பயிற்சி மையத்தில் வாலுவுக்கு இடம் இல்லை.

இதை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எப்படி ஆனது என்று சொல்கிறேன். உங்களிடம் நான் முழுதாகச் சொன்னதே இல்லை, அவ்வப்போது நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் வெல்டிங் வேலைக்குப் போன கொஞ்ச நாளில் அந்த அறிவிப்பு வந்தது. ஆராய்ச்சியும் மக்கள் பணியும் சேர்ந்த திட்டங்களுக்கு அரசு மானியம் தரும், பல்கலைக்கழகமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம் என்று. வாலுவின் காதைச் சோதித்த புரொபசரம்மாதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். காதில் மெஷின் மாட்டினால் சத்தம்தான் வரும், அந்தச் சத்தம் பேச்சாக மாறப் பயிற்சி வேண்டும் என்று அவர் நம் இரண்டு பேரிடமும் சொன்னது நினைவிருக்கிறதா? அந்தப் பயிற்சிக்கு இந்தப் பக்கத்தில் ஓர் இடம்கூட இல்லை என்றுதான் நீங்கள் அன்று படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். இப்போது அரசாங்கமே பணம் தருகிறது, ஓர் அறையும் ஒரு ஸ்பீச் டீச்சரும் வந்துவிடுவார் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

நானும் தையலக்காவும் இன்னும் சில தாய்மார்களும் சேர்ந்து பெற்றோர் சங்கம் என்று ஒன்றைப் பதிவு செய்தோம். முன் தெருவில் தைக்கிற அதே அக்காதான். அவர் மகன் குண்டுவுக்கும் காது கேட்காது, நம் வாலுவைவிடச் சின்னவன். கூட்டத்தில் டைப் அடிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் எழுத்து வேலையெல்லாம் என் தலையில் விழுந்தது.

மானியத்துக்கு எழுதுவது தனி பாஷை. குழந்தை என்று எழுதக் கூடாது, பயனாளி என்று எழுத வேண்டும். பேச்சு வர வேண்டும் என்று எழுதக் கூடாது, எதிர்பார்க்கப்படும் விளைவு என்று எழுத வேண்டும். அதிலேயே ஊறிப்போய், அடுப்பைப் பற்றவைக்கும்போதுகூட இதனால் பயனடைவோர் யார் யார் என்று கேட்கத் தோன்றியது. முதல் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. இந்த வட்டாரத்தில் காது கேட்காத எல்லாக் குழந்தைகளும் என்று எழுதியிருந்தோம். பயனாளிகள் சரியாக வரையறுக்கப்படவில்லை என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

அப்போதுதான் புரொபசரம்மா, "வயசு வரம்பு போடுங்கம்மா. சின்ன வயசுலதான் மூளை சத்தத்தைச் சட்டுனு பிடிச்சுக்கும். அஞ்சுக்குள்ளன்னு போட்டா ஆராய்ச்சிக்கும் நல்லது, குழுவும் ஒத்துக்கும்" என்றார். சரியான யோசனைதான். ஐந்து வயது நிறையாத குழந்தைகள், சேர்க்கை நாளன்று உள்ள வயதே கணக்கு என்று நான்தான் டைப் அடித்தேன். வாலுவுக்கு அப்போது மூன்று முடிந்திருந்தது. அடித்து முடித்துவிட்டு எழுந்துபோய் டீ போட்டுக் குடித்தேன்.

அதன் பிறகு இட உரிமையாளரின் சம்மதம் கேட்டார்கள், கொடுத்தோம். கண்ணாடிக்கும் மேசைக்கும் விலைப்புள்ளி கேட்டார்கள், கொடுத்தோம். குழுவில் ஆட்கள் மாறினார்கள், வந்தவர்கள் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும் என்று ஒரு கடிதம் வந்தது. இதற்கிடையில் வாலு வளர்ந்துகொண்டே இருந்தாள். பிள்ளை வளர்வதைப் பார்த்துப் பயந்த தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கதவோரச் சுவரில் அவள் உயரத்தைக் கோடு போட்டு வைப்பேனே, அதை நிறுத்திவிட்டேன். நீங்கள் போட்டோவைப் பார்த்து "எவ்ளோ வளந்துட்டா" என்று பூரித்தபோதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். நாளைக்கே ஆணை வந்துவிடும், இவரை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்றுதான் இருந்தேன். ஐந்தாவது பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய விளக்கு எரிகிற ஷூவைப் போட்டுக்கொண்டு அவள் தெரு முழுக்கக் குதித்தாள். ஆணை வந்தது அதற்குப் பிறகுதான்.

திட்ட அலுவலரை நேரில் போய்ப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கோப்பை முழுதாகப் படித்தார். "திருத்தம் கேக்கலாம்மா. ஆனா வயசை மாத்தினா மறுபடி குழுவுக்குப் போகணும், முடிவாகுற வரைக்கும் பணத்தை நிறுத்தி வெப்பாங்க. எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். யாராவது ஒருவர் அயோக்கியராக இருந்திருந்தால் வாயாரத் திட்டியாவது மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். இதில் திட்டுவதற்கும் ஆள் கிடைக்கவில்லை.

இருந்தாலும் திருத்த மனுவை எழுதினேன். பிறந்த தேதியை மாற்றிவிடலாம் என்றுகூட ஓர் அம்மா சொன்னார். இரண்டு வயதிலிருந்து வாலுவைத் தெரிந்த புரொபசரம்மாவிடமா அந்தப் பொய்யைச் சொல்வது? மனுவே போதும் என்று எல்லாரையும் தையலக்கா கடைக்குக் கூப்பிட்டேன். முதல் கையெழுத்து தையலக்காதான் போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார், போட்டார், திரும்பிப்போய் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் போட்டு முடிக்கும்வரை மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகுதான் பார்த்தேன், ஊசிக்கு அடியில் துணியே இல்லை. வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கிறார்.

குண்டுவுக்கு ஐந்து நிறைய இரண்டே மாதம்தான் இருந்தது. பணம் நின்றால் அவனுக்கும் கதவு மூடிவிடும். அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். என்னக்கா இது என்று கேட்டேன். "நீ இல்லாட்டி இது வந்தே இருக்காது. உம்பொண்ணுக்கு நீ கேக்காம யாரு கேப்பா" என்று சொன்னார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

மனுவைக் கிழித்துவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை டமார் டமாரென்று போட்டுக் கழுவினேன். ஒரு குண்டானைச் சுவரில் எறிந்தேன். வாலு காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

இப்போது மையம் நடக்கிறது. பழைய நூலகத்தின் பின்னறைதான். சத்தம் சிதறாமல் இருக்கச் சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டியிருக்கிறோம், தடித்த திரைகளை நானும் தையலக்காவும் தைத்தோம். தரையோடு ஒரு கண்ணாடி, அதன் முன்னால் ஸ்பீச் டீச்சரும் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து 'ப' சொன்னால் அது படபடவென்று ஆட வேண்டும். டிரம் அடித்த சத்தம் காதில் விழுந்தால் கிண்ணத்தில் ஒரு கட்டையைப் போட வேண்டும். நான்தான் ஒருங்கிணைப்பாளர். காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் நான். மதியம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாலு வெளியே பெஞ்சில் இருப்பாள். உள்ளே போகிற குழந்தைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள். ஏன் என்று கேட்கிறாள் என்பது மட்டும் புரிகிறது. அதற்கு அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஸ்பீச் டீச்சர் நல்லவர். தான் சாப்பிடுகிற நேரத்தில் பாதியை விட்டுவிட்டு வந்து வாலுவை அந்தக் கண்ணாடி முன் உட்காரவைக்கிறார். தூரத்திலிருந்து வருகிறவர், மாலையில் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது. இது போதாது என்று அவரே சொல்கிறார்.

போன வெள்ளிக்கிழமை குண்டு 'ம்மா' என்றான். தையலக்கா வெளியே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். நானும் அழுதேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக. மானிய அறிக்கையில் விளைவு என்று போட்ட கட்டத்தில் அந்த 'ம்மா'வை நான்தான் பதிந்தேன். பிறகு குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவும் சாக்கில் வெகுநேரம் நின்றேன்.

இனிச் சொல்லப்போவதுதான் உங்களுக்குக் கோபம் வரவைக்கும். புரொபசரம்மாவிடம் நேராகக் கேட்டேன். "வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன்மா. கொஞ்சம் வரும், மெதுவா வரும், நாம நெனச்ச மாதிரி வராது. இனிமேலும் பாஷையே இல்லாம அவளை வெச்சிருக்காதீங்க. கையாலயாச்சும் பேசட்டும்" என்றார். கையால் பேசிப் பழகினால் வாய்ப்பேச்சு வராமலே போய்விடும் என்று நீங்கள் முன்பு ஒரேயடியாக மறுத்துவிட்டீர்கள். உங்களைக் கேட்காமல் வாலுவைச் சைகை வகுப்பில் சேர்த்துவிட்டேன். அச்சகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் சனிக்கிழமைகளில் நடத்துகிறார், அவருக்கும் காது கேட்காது. முதல் நாள் வாலு என் சேலைக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். மூன்றாவது வாரம் என்னை விட்டு ஓடிப்போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். தண்ணீர், பூனை, இன்னும் வேண்டும், போ, எல்லாம் சொல்கிறாள். நாளைக்கு வாங்கித் தருகிறேன் என்று நான் எதையாவது சொன்னால் 'பொய்' என்று விரலை ஆட்டுகிறாள். இத்தனை நாள் இந்த வாயாடியைப் பேசவிடாமல் வைத்திருந்தோம்.

அந்த வகுப்பில் ஒருநாள், வீட்டில் யார் யார் என்று ஒவ்வொரு குழந்தையையும் காட்டச் சொன்னார். என்னைக் காட்ட அவள் பத்து விரலையும் டைப் அடிப்பதுபோல ஆட்டினாள், எல்லாரும் சிரித்தார்கள். உங்களைக் காட்ட எழுந்து நின்றாள். ஒரு கையைப் பின்னால் நீட்டி எதையோ பிடித்தாள், அதை இழுத்துக்கொண்டு கதவுவரை நடந்து வெளியே போனாள். அச்சகக்காரருக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். சக்கரம் வைத்த பெட்டி என்று எழுதிக் காட்டினேன். அவள் மொழியில் அப்பா என்றால் இப்போதைக்கு அதுதான். குழந்தை முதலில் வைத்த பெயரை நாங்கள் மாற்ற மாட்டோம், அவளாக மாற்றினால்தான் உண்டு என்று அவர் எழுதினார்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அவளுக்காகத்தான் போனீர்கள், எனக்குத் தெரியாதா? இந்த விடுமுறையில் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, கொஞ்ச நாள் கூடுதலாக வந்து இருங்கள். பட்டறைச் சத்தத்தில் கிரேன்காரரோடு கையால்தான் பேசுவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஊரான் கிரேனை ஏற்றி இறக்குகிற கை, பெற்ற மகளிடம் பேசக் கூடாதா? எளிதான பத்துச் சைகைகளைப் படம் வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். என் படம் மோசமாகத்தான் இருக்கும், சிரித்துவிட்டாவது பழகுங்கள்.

கண்ணுக்குக் கவசம் போடாமல் வேலை செய்யாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். இனிமேல் படம் தெரிகிற மாதிரி கூப்பிடுங்கள், வெளிச்சம் உங்கள் கை மேல் விழட்டும். அழ வேண்டியதை எல்லாம் இந்தக் கடிதத்தோடு அழுது தீர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை முகம் கழுவிக்கொண்டு வந்து உட்காருங்கள். என்னிடம் குரலை வைத்துச் சமாளித்துவிடுவீர்கள், அவள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள்.

என்றும் உங்கள்,
வீட்டுக்காரி