முகத்தாள் விரிக்காத மேசை

நிலா முகாம், முதுகெலும்புச் சிகிச்சைப் பள்ளி
மருத்துவர் செங்கமலம் பதிவு

நாள் 41, காலை
காற்று சரி. தண்ணீர் சரி. மாணவர்கள் ஒன்பது பேரும் சரியில்லை. ஈர்ப்பு குறைந்த இந்த இடத்தில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு முதுகெலும்பு தளர்ந்துவிடுகிறது. அதைக் கையால் அழுத்திச் சீராக்கப் படிக்க வந்த பிள்ளைகள் இவர்கள். தொழிலாளி வந்து படுத்தால் கை கழுவுகிறார்கள், மேசையைத் துடைக்கிறார்கள், முகம் பதியும் இடத்தில் புதுத் தாள் விரிக்கிறார்கள். தங்களுக்குள் பழகிப் பார்க்கும்போது அதெல்லாம் கிடையாது. ஒருவர் வியர்வையில் அடுத்தவர் முகம். திட்டினால் பெனிட்டா சிரிக்கிறாள்: "நமக்குள்ள என்ன டாக்டர்?"

நாள் 44, மாலை
பெனிட்டாவின் பிடரியில் கட்டி. கொசுக்கடி என்கிறாள். நிலாவில் ஏதம்மா கொசு? கட்டியில் இருக்கும் அதே கிருமி மேசையிலும் இருக்கிறது. பயிற்சியை நிறுத்தச் சொன்னேன். தேர்வு நெருங்குகிறது என்று ஆசிரியர் ராஜப்பா மறுத்துவிட்டார். அவர் மணிக்கட்டும் சிவந்திருந்தது.

நாள் 47, காலை
ஆறு மாணவர்களுக்குக் கட்டி. ராஜப்பாவுக்கும். இப்போது அவரே பயிற்சிக் கூடத்தைப் பூட்டிவிட்டார். தொழிலாளிகள் ஒருவருக்கும் இல்லை. ஒரே ஒரு மருந்துக்குத்தான் இந்தக் கிருமி மசிகிறது. அது ஒருவருக்குப் போதுமான அளவே இருக்கிறது.
பூமிக்கு அழைத்துப்போக வரும் கப்பலிலிருந்து செய்தி: "இரண்டு சோதனையிலும் கிருமி இல்லாதவர்களை மட்டும் ஏற்றிக்கொள்வோம்."

நாள் 49, இரவு
மற்றவர்களுக்குக் கட்டியைக் கீறிவிட்டதும் வலி அடங்கிவிட்டது. பெனிட்டாவுக்கு மட்டும் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. குளிரில் பல் கிட்டிக்கொள்கிறது. பிதற்றலில் யாருடைய முதுகெலும்பையோ எண்ணிக்கொண்டிருக்கிறாள். இருந்த மருந்தை அவளுக்கே ஏற்றிவிட்டேன்.
என் பிடரியில் சுருக்கென்கிறது. போன வாரம் இடுப்பு வலி தாங்காமல் நானும் அந்த மேசையில் கவிழ்ந்து படுத்தேன். பெனிட்டாதான் அழுத்திவிட்டாள். தாள் போடச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

நாள் 53
பெனிட்டா எழுந்து நடக்கிறாள். இரண்டு சோதனையும் சுத்தம். அழுதுவிட்டேன். எனக்குக் காய்ச்சல்.

நாள் 54
கப்பல் வந்துவிட்டது. என்னை ஏற்ற மாட்டார்கள், அதுதான் சரி. பெனிட்டா விடைபெற வந்தாள். வாசலோடு நில் என்று சொல்வதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து என் பிடரியில் கை வைத்துவிட்டாள். கட்டி உடைந்து, மேலே போட்ட கட்டுத்துணி நனைந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள். கையைக் கழுவிட்டுப் போடி என்றேன். அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
"நமக்குள்ள என்ன டாக்டர்."
போய்விட்டாள். நடைவழியில் கப்பல்காரர்கள் குரல். ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொல்கிறாள். கத்துகிறேன், சத்தம் வரவில்லை. அழைப்பு மணி எட்டவில்லை. கதவு மூடுகிறது.
பூமியில் இதைப் படிப்பவர்களே, அவள் கையை