ரவி படப்பிடிப்புக்குப் போகாத திங்கட்கிழமை

மார்ச் 4, செவ்வாய்

விடியலிலிருந்து மழை. இன்று ரவிக்குப் படப்பிடிப்பு முதல் நாள். ஐந்தரைக்கே கார் வந்து கூட்டிப் போய்விட்டது.

ரொறன்ரோவில் அவர் இயக்கியது இரண்டு படம், பிறகு பதினோரு வருடம் தொலைக்காட்சித் தொடர்கள். என் ஆஸ்பத்திரி வேலைக்காக சிட்னிக்கு வந்தபின் ஆறு வருடம் வெறும் விளம்பரங்கள். இப்போது ஒரு போலீஸ் தொடரில் இரண்டு எபிசோட்.

ரவிக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னது ஜனவரியில். ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். "இந்த ரெண்டு மட்டும் மாலினி. பிறகு நானே விட்டிடுறன்."

மார்ச் 6, வியாழன்

பால், அரிசி மா, ரவியின் மாத்திரை. டிஷ்வாஷர் திருத்த வருகிறேன் என்றவன் இன்றும் வரவில்லை.

ரவி நல்ல சந்தோஷம். சாப்பிடும்போதே இரண்டு கை விரல்களாலும் கேமராச் சட்டம் போலக் கட்டிக் காட்டினார். "தாய் அழுறா. ஆனா கேமரா அவவின்ர முகத்துக்குப் போகாது. கையில நிக்கும்." நான் கலியாணம் கட்டிய பழைய ரவி. குசினிக்குள் போய் அழுதேன்.

மார்ச் 7, வெள்ளி

மத்தியானம் சங்கீதாவின் போன். ரவியின் உதவி இயக்குநர், மதுரைப் பெண்.

"அக்கா, சார்கிட்ட சொல்லிராதீங்க. ஸ்டண்ட் பண்ற பொண்ணு பெல்ட் போடுறதுக்குள்ள ஆக்‌ஷன் சொல்லிட்டார். கார் கிளம்பிருச்சு. கத்தி நிறுத்தினேன். திங்கக்கிழமை பாலத்து மேல எடுக்கிறோம். பயமா இருக்கு."

ரவியிடம் கேட்டேன். "அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையே." பொய் இல்லை. அவருக்கு நடக்கவில்லை.

மார்ச் 8, சனி

மேய்ஸ் ஹில் கோயில். சனம். அர்ச்சனைக்கு அவருடைய நட்சத்திரத்தை நான் சொன்னேன்.

திரும்பும்போது, "திங்கள் ஏலாது எண்டு நீங்களே சொல்லுங்கோவன்" என்றேன்.

"என்னை வீட்டில இருத்தி வைக்கப் போறீரோ?"

காரின் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

மார்ச் 9, ஞாயிறு

ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் காரை நிறுத்தி, அதற்குள் இருந்தே தயாரிப்பாளருக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். நன்றி சொன்னார். அந்த நன்றியைத்தான் தாங்க முடியவில்லை. எதற்கோ வந்தது மறந்து, வெறுங்கையோடு வீடு.

மார்ச் 10, திங்கள்

தயாரிப்பாளர் காலையிலேயே ரவிக்குப் போன் செய்து, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ரவி காலில் சப்பாத்தும் போட்டபடி கதிரையில் இருந்தார்.

"ஆரோ சொல்லிப்போட்டினம். சங்கீதாதான். அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்தனான்?"

"அவள் இல்லை. நான்தான்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. போனை எடுத்து சங்கீதாவைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, புது டைரக்டர் வருவார். நான் சொல்லுறதை எழுதும், அவருக்குக் குடும்."

பாலத்துக் காட்சி. ஒவ்வொரு ஷாட்டாகச் சொன்னார். கேமரா எங்கே, என்ன லென்ஸ், கார் எந்தப் பக்கத்தால் வரும். பெல்ட்டை இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அவர் முன்பே ஷாட்களை எழுதி வைத்திருந்த கொப்பியைத் திறந்து, சொல்வதோடு ஒப்பிட்டபடி பக்கத்தில் நின்றேன்.

பதினேழு ஷாட். ஒன்றுகூடப் பிழையில்லை.