மூழ்கிய வயலும் பறிபோன வீடியோவும்

கார்த்திகை 14, செவ்வாய்

கோபத்தில் எழுத்து கோணலாக வருகிறது.

போன வாரம் மழையில் எங்கள் சம்பாப் பயிர் மூழ்கியபோது, இடுப்பளவு தண்ணீரில் நின்று வீடியோ எடுத்து, ஊர்ப் பெயரோடு யூடியூபில் போட்டேன். மறுநாளே ஒரு டிவி சேனல் அதை எடுத்துத் தன் முத்திரையைக் குத்திச் செய்தியில் காட்டியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரையும் சீர்காழிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம் என்று மாற்றிவிட்டார்கள்.

இன்று காலை பார்த்தால் என் வீடியோவைக் காணோம். காப்புரிமையை நான் மீறிவிட்டேனாம். புகார் கொடுத்தது அதே சேனல்!

அவர்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "அதெல்லாம் சிஸ்டம் தானா பண்றதுங்க மேடம். உங்க வீடியோன்னு ப்ரூஃப் இருக்கா?" என்றான் ஒருவன்.

"வயலு என்னுது. ஒரிஜினல் என் போன்ல இருக்கு. அதுல 'எல்லாம் போச்சே'ன்னு கத்துறது நான்தாங்க. இன்னும் என்ன வேணும்?"

பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டான்.

"விட்டுடு செல்வி, அவங்களுக்கு வக்கீலெல்லாம் இருப்பாங்க" என்றார் இவர். எங்கள் ஊரில் சேதமே இல்லை என்று பயிர்ச்சேதம் கணக்கெடுக்க வந்த அதிகாரி எழுதிக்கொண்டு போயிருக்கிறார். ஊருக்கு இருந்த ஒரே சாட்சி அந்த வீடியோ. எப்படி விடுவது? யூடியூபுக்கு மறுப்பு எழுதி அனுப்பிவிட்டேன். என் பெயர், முகவரி எல்லாம் சேனலுக்குப் போகுமாம். போகட்டும், தெரிந்துகொள்ளட்டும்.

பதில் வர நாளாகுமாம். இப்போது அந்தச் சேனலின் யூடியூப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். என் வீடியோ அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் கத்துவதற்குச் சற்று முன் நிறுத்தி, நகைக்கடை விளம்பரம் போடுகிறார்கள்.