அரைக் கிலோ அல்வா

நேற்று உமது தலைத்திவசம். மாலையில் உம்ம மகன் என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தான். மூச்சு வாங்கியது. "அப்பாவுக்குப் படைச்சது மாமா, எடுத்துக்கிடுங்க" என்று அல்வாப் பொட்டலத்தை மேசையில் வைத்தான். நெய் கசிந்து விரிப்பில் ஊறியது. அந்த வாசனைக்கே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் அல்வாவுக்குக் குமட்டுகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பதினெட்டு வருஷம் ஒரே பள்ளிக்கூடம். நீர் விலங்கியல், நான் கணக்கு. வண்ணச் சாக்பீஸில் கணையம் வரைந்து, சர்க்கரை நோய் எப்படி வருகிறதென்று பிள்ளைகளை நெட்டுருப் போட வைப்பீர். மணி அடித்ததும் உம்ம காப்பியில் மூன்று கரண்டி சீனி. கேட்டால், "அது பிள்ளேளுக்குவே. நமக்கு எங்கன வரும்? மூணு தலமுறையா முட்ட கூடத் தொடாத குடும்பம்" என்பீர். சைவம் சாப்பிட்டால் நோய் அண்டாதாம். தெருமுனைக் கடைக்கும் வண்டிதான். நடந்து போனால் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று ஊர் நினைத்துவிடுமாம். தூ, இதெல்லாம் ஒரு கௌரவமா?

என்னையும் சேர்த்துத்தான் ஏசுகிறேன். முக்கூடலில் பீடி சுற்றியவளின் மகன் நான். அம்மா கூழ் குடித்ததும் வெயிலில் நடந்ததும் ஆரோக்கியத்துக்காக அல்ல, வேறு வழியில்லாததால். சர்க்கரை அவளைத் தொடவில்லை. புகையிலைத் தூசிதான் நெஞ்சைத் தின்றது. வாத்தியார் வேலை கிடைத்ததும் நான் முதலில் விட்டது கூழையும் நடையையும். முதலில் வாங்கியது உமது வீட்டுக்கு அரைக் கிலோ அல்வா. வெறுங்கையோடு வந்தால் அந்தக் கூடத்தில் எனக்கு நாற்காலி போடுவார்களா என்று சந்தேகம். நீர் அப்படி நினைத்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் வாங்கி வந்தேன்.

கால் பெருவிரல் கறுத்த பிறகும் ஒரு மாசம் காலுறைக்குள் மறைத்து வைத்திருந்தீர். ஆசுபத்திரியில் விரலை எடுத்த மறுநாள் பார்க்க வந்தேன். கட்டிலருகே ஆறு அல்வாப் பொட்டலங்கள். கொண்டுவந்தவர்களில் படிக்காதவர் ஒருத்தர் கிடையாது. ஏழாவதாக என்னுடையதை வைத்தேன். புண் வாடையும் நெய் வாசனையும் அறைக்குள் ஒன்றாகக் கிடந்தன. "வேண்டாங்க, டாக்டர் ஏசுவாரு" என்றார் மதினி. "ஆசையா கொண்டாந்திருக்காரு, தட்டலாமா?" என்று என் பொட்டலத்தைத்தான் பிரித்தீர். ஆறை விட்டுவிட்டு என்னுடையதைப் பிரித்ததில் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம். அதை நினைத்தால்தான் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. அப்புறம் முழங்கால் வரை எடுத்தார்கள். அதன் பிறகு நீர் அதிக நாள் இருக்கவில்லை.

நேற்று உம்ம மகனிடம் கேட்டேன்: "லே, ரத்தம் சோதிச்சியா?"

என்ஜினீயருக்குப் படித்தவன், சிரித்தான். "நமக்கு எங்கன வரும் மாமா?"

அப்படியே உம்ம குரல்.

இப்போதெல்லாம் யார் வீட்டுக்கும் வெறுங்கையோடுதான் போகிறேன். வாசலில் முகத்துக்கு முன்னால் கையைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். நாளைக் காலை உம்ம வீட்டுக்கும் அப்படித்தான் வருவேன். அவன் காப்பி குடிக்கும் முன்னால் கையைப் பிடித்து, வண்டியை எடுக்க விடாமல், ரத்தம் எடுக்கிற இடத்துக்கு ஊர் பார்க்க நடத்தியே கூட்டிப் போவேன். கோபப்பட்டால் படட்டும். உம்மை ஒருநாள்கூட நான் கோபப்படுத்தவில்லை.