அடுத்த ஞாயிறு உன் முறை

கொச்சே,

சாரல் விடாமல் அடிக்கிறது. துணியெல்லாம் பூசணம் பிடித்துவிடுமோ என்று இன்று மதியம் மரப்பெட்டியைத் திறந்தேன். துணிக்கு இடையே போட்ட ராமச்ச வேரின் மணம் முகத்தில் வந்து மோதியது. கோட்டாற்றுக் கடையில் எடுத்த நம் நீலக்கரைச் சேலை, அடுத்த ஞாயிறு உடுக்கவென்று நீ மடித்த மடிப்பிலேயே இருக்கிறது. விரிக்கவில்லை. பெட்டியை மூடிவிட்டு லேஸ் போட உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

வேதக்கோயிலுக்கு உடுக்க நமக்கு அது ஒன்றுதானே இருந்தது. ஒரு ஞாயிறு அக்கா, மறு ஞாயிறு தங்கை. நான் போய்வந்து அவிழ்த்துப் போட்டால் துவைத்து மடிப்பது நீ. நீ போய்வந்தால் நான். அம்மை கண்மூடிய பிறகு நம் வீட்டில் தவறாமல் நடந்த ஒழுங்கு அது ஒன்றுதான்.

வாத்தியாரம்மா வேலைக்குப் பரீட்சை எழுத நீ படித்தாய். மற்றதெல்லாம் ஓடும், இங்கிலீஷ் இலக்கணம் வந்தால் மண்டையைப் பிடித்துக்கொள்வாய். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். நூல் குச்சிகளை உருட்டி லேஸ் போட்டபடியே கேட்டுக்கொண்டிருப்பேன்.

"பையன் ஒருத்தன் வந்தா 'பாய் கம்ஸ்'. கூட்டமா வந்தா 'பாய்ஸ் கம்'. இந்த எஸ் ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதுக்கா."

"ஏட்டி, கூட்டமா வந்தா ரெண்டு பக்கமும் போட்டுட்டுப் போயேன்."

"போட்டா தப்பு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாய். "நம்ம சேலை மாதிரிக்கா. எஸ்ஸ பையனுங்க உடுத்துட்டுப் போயிட்டா வினைச்சொல் வீட்டுல இருக்கணும்."

"அப்போ நீயும் நானும் போனா?"

"ஐ கம், யூ கம். நமக்கு ரெண்டுபேருக்குமே எஸ் கிடையாது."

"கொள்ளாம். வெள்ளக்காரனுக்கும் தெரிஞ்சுபோச்சு நம்ம கதி."

அன்று சிரித்த சிரிப்பில் நூல் சிக்கி, போட்ட லேஸைப் பிரிக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் நீ அந்தக் கணக்கில் தடுமாறவில்லை. "முதல் சம்பளத்துல இன்னொரு சேலை எடுப்போம்க்கா. கோயில்ல ஒரே பாயில சேர்ந்து இருப்போம்" என்று மட்டும் அடிக்கடி சொல்வாய்.

பரீட்சை எழுதினாய். முடிவு வருமுன் காய்ச்சல் வந்தது. நான் போய்வந்த ஞாயிறுக்கும் உன் முறை ஞாயிறுக்கும் நடுவில் போய்விட்டாய். உனக்கு வெள்ளை உடுத்தினார்கள். நீ பாஸ் என்று பிறகு சொல்லி அனுப்பினார்கள். கேட்டு என்ன செய்ய.

அதிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. போன வாரம் உபதேசியாரின் மனைவி தேடி வந்தாள்.

"என்ன மக்கா, கோயில் பக்கம் காணல்லியே. உடுக்க இல்லியா? எனக்கதுல ஒண்ணு தாறேன்."

"சேலை உண்டும்மா" என்றேன். முறை எனக்கில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்ல? உன் ஞாயிறு கழியாமல் என் ஞாயிறு எப்படி வரும்?

அலுத்துவிட்டது கொச்சே. மணி அடிக்கும்போது கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு, பாட்டுச் சத்தத்தைத் தூரத்தில் இருந்து கேட்பது அலுத்துவிட்டது. குச்சியை உருட்டினால் 'பாய் கம்ஸ், பாய்ஸ் கம்' என்று வாய் தானாக ஓடுகிறது. இலக்கணம் தெரியாது; உன் குரல் தெரியும்.

நாளை ஞாயிறு. மடிப்பைப் பிரித்தால் நீ கடைசியாகக் கை வைத்த இடம் போய்விடும். பிரிக்காவிட்டால் பூசணம் தின்றுவிடும். நாளைய முறையை அக்காவுக்கு விட்டுத் தருவியா?